வாக்குத்தத்த அட்டையும் கட்டி வைத்த பெட்டியும்



பதிவு கொஞ்சம் நீளம். "டீச்சர் மறுபடியும் ஆரம்பிச்சிட்டாங்க" என்று சிலர் பாதியில் நழுவிவிடுவீர்கள். 37 வருஷம் கடைசி பெஞ்சைப் பார்த்தவளுக்கு அது புதிதல்ல. ஆனால் இந்த ஜனவரியில் வாக்குத்தத்த அட்டை எடுத்து பீரோக் கதவில் ஒட்டியிருப்பவர்கள் மட்டும் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள். இது உங்களோடு போடும் சண்டைதான். கோபம் வந்தால் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.

போன புதன்கிழமை மத்தியானம் ஒரு தாய் என் வீட்டுக்கு வந்தாள். பெயர், ஊர் சொல்லமாட்டேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அவள் மகன் என்னிடம் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன், ஓய்வுநாள் பாடசாலையிலும் என் பிள்ளை. இப்போது 29 வயது. பி.இ. மெக்கானிக்கல் முடித்திருக்கிறான். இரண்டு வருஷத்துக்கு முன் வருஷப்பிறப்பு ஆராதனையில் தட்டில் இருந்து எடுத்த அட்டையில் அவனுக்கு எரேமியா 29:11 வந்தது. தேவன் நம்மைக் குறித்து நன்மையே நினைக்கிறார், நம் எதிர்காலம் அவர் கையில் இருக்கிறது என்கிற வசனம். தெரியாத கிறிஸ்தவ வீடு உண்டா? சுவர்க் கடிகாரத்தில் இருக்கிறது, சாவிக்கொத்தில் இருக்கிறது, கல்யாணப் பத்திரிகையில் இருக்கிறது.

அதற்குப் பின் வெளியூரில் ஒரு ஜெபக்கூட்டத்துக்குப் போனான். அங்கே வந்திருந்த ஊழியர் ஒருவர் இவன் தலையில் கை வைத்து, சமுத்திரத்துக்கு அப்பால் உனக்கு வாசல் திறக்கப்போகிறது என்று சொன்னாராம். அந்த வாசலுக்கு "விதை" விதைக்கவும் சொன்னாராம். தாயின் கம்மல் அடகுக்குப் போனது, 10,000 ரூபாய் காணிக்கையாகப் போனது. பையன் பாஸ்போர்ட் எடுத்தான். ஒரு பெரிய பெட்டி வாங்கினான். துணிமணிகளை மடித்து உள்ளே வைத்தான். இரண்டு வருஷமாக அந்தப் பெட்டி கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.

இடையில் தூத்துக்குடியில் மாதம் 16,000 ரூபாய்க்கு சூப்பர்வைசர் வேலை வந்தது. போகவில்லை. "இது தேவசித்தம் இல்ல, சாத்தான் என் பாதையைத் திருப்பப் பாக்கான்" என்றானாம். பக்கத்து ஊர் பாலிடெக்னிக்கில் கூப்பிட்டார்கள். அதுவும் தேவசித்தம் இல்லை. அப்பா கொத்தனார். முட்டி தேய்ந்து சாரத்தில் ஏற முடியாமல், இப்போது கீழே நின்று கலவை போடுகிறார்.

அவன் சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். விடியற்காலை நாலரைக்கு எழுந்து ஜெபிக்கிறவன். வெள்ளிக்கிழமை உபவாசம். வாலிபர் கூட்டத்தில் கிடார் வாசிப்பான். குடி கிடையாது, கெட்ட சகவாசம் கிடையாது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஊதாரிப் பிள்ளையைத் திட்டலாம். இவனை எப்படித் திட்டுவது?

தாய் சொன்னாள், "காலையில எந்திரிச்சா பெட்டியப் பாக்கான், ராத்திரி படுக்கும்போதும் பெட்டியப் பாக்கான். ஐயர் சொன்னாலும் கேக்கல. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க டீச்சர். நீங்க எழுதிக் குடுத்த வசனம்தான."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவள் பையிலிருந்து ஒரு வேதாகமத்தை எடுத்து முதல் பக்கத்தைத் திறந்தாள். ஓய்வுநாள் பாடசாலை வருடாந்திரப் பரிசு. என் கையெழுத்து. நீல மை. "எரேமியா 29:11". கீழே என் பெயர்.

தட்டில் வந்த அட்டை அவனுக்கு இரண்டாம் முறைதான். முதல் முறை கொடுத்தது நான். ஒவ்வொரு வருஷமும் பரிசு வாங்குகிற பிள்ளைகளுக்கெல்லாம் அதே வசனத்தைத்தான் எழுதியிருக்கிறேன். யோசிக்காமல் எழுதியது. எல்லாரும் எழுதுகிறார்கள், நானும் எழுதினேன். அந்த அதிகாரத்தில் முந்தின பத்து வசனங்களில் என்ன இருக்கிறது என்று ஒரு பிள்ளைக்கும் நான் சொல்லிக் கொடுத்ததில்லை.

ஆகையால் இந்தப் பதிவில் நான் திட்டப்போகிறவர்களில் முதல் ஆள் நான்தான். அதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

எரேமியா 29-ம் அதிகாரம் ஒரு கடிதம். இதை முதலில் மனதில் வையுங்கள். எருசலேமிலிருந்து பாபிலோனுக்குப் போன கடிதம். நேபுகாத்நேச்சார் ராஜாவையும், ராஜாவின் தாயாரையும், பிரபுக்களையும், தச்சரையும், கொல்லரையும் சிறைபிடித்துக்கொண்டு போன பிறகு, அங்கே ஊர் பேர் தெரியாத இடத்தில் உட்கார்ந்திருந்த ஜனங்களுக்கு எரேமியா எழுதினது. அவர்கள் மனநிலை எப்படி இருந்திருக்கும்? அவர்களும் பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். இன்றைக்குத் திரும்பிவிடுவோம், நாளைக்குத் திரும்பிவிடுவோம் என்று. அவர்களுக்கு அப்படி ஆசை காட்டுகிறவர்களும் இருந்தார்கள்.

முந்தின அதிகாரத்தைத் திருப்புங்கள். அங்கே அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி வருகிறான். எரேமியா கழுத்தில் மர நுகத்தை மாட்டிக்கொண்டு, பாபிலோனுக்குக் கீழ்ப்பட்டுத்தான் ஆகவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அனனியா எல்லார் முன்னாலும் அந்த நுகத்தைப் பிடுங்கி உடைக்கிறான். இரண்டே வருஷம், எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்று கர்த்தருடைய பெயரில் அறிவிக்கிறான். இந்தக் காலத்தில் இருந்திருந்தால் அனனியாவுக்கு வருஷம் முழுக்க கன்வென்ஷன் தேதி கிடைத்திருக்கும். எரேமியாவை யார் கூப்பிடுவார்கள்? அவர் சொன்னது 70 வருஷம். கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தக் கடிதத்தைக் கேட்ட 30 வயதுக்காரன் திரும்பமாட்டான். அவன் பேரன் திரும்புவான். அந்த 70 வருஷம் 10-ம் வசனத்தில் இருக்கிறது. நம் அட்டையில் இருப்பது 11. நடுவில் கத்திரி வைத்தது யார்?

சரி, அந்த 70 வருஷமும் ஜனங்கள் என்ன செய்யவேண்டும்? 5-ம் வசனத்திலிருந்து இருக்கிறது. வீடு கட்டச் சொல்கிறார். தோட்டம் போட்டு அதில் விளைவதைச் சாப்பிடச் சொல்கிறார். கல்யாணம் செய்யச் சொல்கிறார், பிள்ளைகளுக்கும் கல்யாணம் செய்து வைக்கச் சொல்கிறார். அந்த ஊர் நன்றாயிருக்கப் பாடுபடவும், அதற்காக ஜெபிக்கவும் சொல்கிறார். எந்த ஊர்? தங்களைச் சிறைபிடித்த ஊர்! அது நன்றாயிருந்தால்தான் நீங்களும் நன்றாயிருப்பீர்கள் என்கிறார். அதாவது, பெட்டியைப் பிரி. துணியை எடுத்துக் கொடியில் போடு. மண்வெட்டியை எடு. கத்தரி நடு.

இதற்குப் பிறகு 8-ம் வசனம் வருகிறது. உங்கள் நடுவே இருக்கிற தீர்க்கதரிசிகளும் குறிசொல்லுகிறவர்களும் உங்களை ஏமாற்ற விடாதீர்கள், நீங்களே காணச் செய்கிற சொப்பனங்களுக்கும் காதுகொடுக்காதீர்கள் என்கிற எச்சரிக்கை. நம் வாக்குத்தத்த வசனத்துக்கு மூன்றே வசனம் மேலே இது நிற்கிறது! தலையில் கை வைத்துச் சமுத்திரம், வாசல் என்று சொன்னவர் இந்த அதிகாரத்தை ஒருமுறையாவது தொடர்ச்சியாக வாசித்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்.

இன்னொன்றும் அதே அதிகாரத்தில் இருக்கிறது, யாரும் பிரசங்கிப்பதில்லை. பாபிலோனில் இருந்த செமாயா என்பவன் இந்தக் கடிதத்தைப் பார்த்துக் கொதித்துப்போய் எருசலேமுக்குப் புகார்க் கடிதம் எழுதுகிறான். அவன் குற்றச்சாட்டு என்ன தெரியுமா? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்று எழுதிவிட்டாரே, இந்த ஆளை ஏன் தொழுவில் மாட்டாமல் விட்டு வைத்திருக்கிறீர்கள் என்பதுதான். நன்மையான எதிர்காலம் என்கிற வரி அவனை உறுத்தவில்லை. தோட்டம்தான் உறுத்தியது. இன்றைக்கும் அப்படித்தான்.

இப்போது அந்தத் தட்டுக்கு வருகிறேன்.

நள்ளிரவு ஆராதனை முடிந்து வரிசையில் போய் அட்டை எடுக்கிறோம். நானும் எடுத்திருக்கிறேன். எடுத்ததும் மறைத்து வைத்துக்கொண்டு, மைனி உனக்கு என்ன, சித்தி உனக்கு என்ன என்று விசாரிப்பது ஒரு சந்தோஷம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஒரு வருஷம் என் பக்கத்தில் நின்ற அக்கா அட்டையைப் பார்த்துவிட்டு, "இது சரியா வரல" என்று தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டு வேறொன்று எடுத்தாள். அந்தத் தட்டில் உபத்திரவம் உண்டு என்று சொல்லும் வசனம் இருக்காது. சிலுவையை எடுத்துக்கொண்டு பின்னால் வரச் சொல்லும் வசனம் இருக்காது. பகைக்கிறவனுக்கு நன்மை செய் என்பது இருக்காது. எல்லாம் பெருக்கம், உயர்வு, வாசல், கொம்பு. பஸ் ஸ்டாண்ட் மரத்தடியில் கிளி சீட்டு எடுத்துக் கொடுப்பதைப் பார்த்து நம் பிள்ளைகளுக்கு அது பாவம் என்று சொல்லிக் கொடுக்கிறோம். நம் தட்டில் கிளி மட்டும்தான் இல்லை.

உடனே கிதியோன் தோல் போட்டு அடையாளம் கேட்கவில்லையா டீச்சர் என்று ஒரு தம்பி வருவான். கேட்டான். அதற்கு முன்னாலேயே கர்த்தர் அவனிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார். அதை நம்பாமல்தான் தோல் போட்டான். கர்த்தர் பொறுத்துக்கொண்டார். அவ்வளவுதான் அந்தக் கதை.

அந்த ஊழியரைவிட என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. நாம் எதற்கெல்லாம் தேவசித்தம் கேட்கிறோம், எதற்கெல்லாம் கேட்பதில்லை என்று ஒரு நாள் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள்.

எந்தக் காலேஜ், எந்தக் கோர்ஸ், கனடாவா சிங்கப்பூரா, எந்த மாதம் வீடு பால் காய்ச்சுவது. இதற்கெல்லாம் உபவாசம் இருந்து கேட்கிறோம். இதைப் பற்றி வேதம் ஒன்றும் சொல்லவில்லை. யோசித்து, பெரியவர்களைக் கேட்டு, கையில் உள்ள காசைப் பார்த்து முடிவெடுக்கத்தான் அறிவு கொடுத்திருக்கிறார். ஆனால் வரதட்சணை? "பொண்ணு வீட்டுல அவங்களா பிரியப்பட்டுச் செய்றாங்க." அதற்கு யாரும் உபவாசம் இருந்து கேட்பதில்லை. சாதி? வரன் தேடுகிற விளம்பரத்தில் மறுபடியும் பிறந்த, அபிஷேகம் பெற்ற, ஜெபிக்கிற மணமகள் தேவை என்று போட்டு, அடுத்த வரியில் சாதிப் பெயரையும் போடுகிறோம். தேவசித்தம் நம் சாதி எல்லையைத் தாண்டி வராது என்று அவ்வளவு நிச்சயம்! கல்லறைத் தோட்டத்தில்கூட சாதிக்கு ஒரு சுவர் எழுப்பி வைத்த ஊர்கள் நம் தமிழ்நாட்டில் இருக்கின்றன. கள்ளத் தராசு அருவருப்பு என்று வேதத்தில் அச்சடித்து வைத்திருக்கிறது. கடை வைத்திருக்கும் அண்ணன் எத்தனை பேர் அதற்காக ஜெபித்துவிட்டுத் தராசைப் பார்த்தார்கள்?

தெளிவாகச் சொன்னதைக் காதில் வாங்குவதில்லை. சொல்லாததைக் கேட்டு விடிய விடிய நச்சரிக்கிறோம். வகுப்பில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் என்ன செய்வேன்? கரும்பலகையில் எழுதிப் போட்ட வீட்டுப்பாடத்தைச் செய்யாமல், "டீச்சர், முழுப் பரீட்சைக்கு என்ன கேள்வி வரும்?" என்று தினமும் வந்து நிற்கிற பிள்ளை!

யோர்தானில் யோவான் ஸ்நானனிடம் ஜனங்கள் வந்து, நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று நேராகவே கேட்டார்கள். லூக்கா 3-ல் இருக்கிறது. இரண்டு அங்கி இருந்தால் ஒன்றை இல்லாதவனுக்குக் கொடு என்றார். சாப்பாட்டையும் அப்படியே. வரி வசூலிக்கிறவர்கள் கேட்டார்கள். வேலையை விடு என்று சொல்லவில்லை, நிர்ணயித்ததற்கு மேல் வாங்காதே என்றார். போர்ச்சேவகர்கள் கேட்டார்கள். மிரட்டிப் பறிக்காதே, பொய்க் குற்றம் சாட்டாதே, சம்பளம் போதும் என்றிரு என்றார். வனாந்தரத்தில் வெட்டுக்கிளி தின்று வாழ்ந்த மனிதர், "முழுநேர ஊழியத்துக்கு வா" என்று அவர்களில் ஒருவரையும் கூப்பிடவில்லை. அவரவர் செய்கிற வேலைக்குள்ளேயே திருப்பி அனுப்பினார்.

நம் சபையிலோ முழுநேர ஊழியன் முதல் வரிசை. "உலக வேலை" பார்க்கிறவன் இரண்டாம் வரிசை. சத்துணவு சமைக்கிற அம்மாவும், பீடி சுற்றுகிற அக்காவும், உப்பளத்தில் வெயிலில் நிற்கிற அண்ணனும் கடைசி வரிசை. சாட்சி சொல்லக்கூட அவர்களைக் கூப்பிடுவதில்லை. யோப்பாவில் தபீத்தாள் ஊசியும் நூலும் வைத்து விதவைகளுக்குத் துணி தைத்துக் கொடுத்தாள். அவள் செத்தபோது அந்த விதவைகள் அவள் பிரசங்கத்தை நினைத்து அழவில்லை. அவள் தைத்த உடுப்புகளைப் பேதுருவிடம் எடுத்துக் காட்டி அழுதார்கள். பவுலும் கூடாரம் தைத்தவர்தான்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். பெருமைக்கு இல்லை. இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

எனக்கு நர்ஸ் ஆகத்தான் ஆசை. அப்பா உபதேசியார். ஐந்து பிள்ளைகள். "ரெண்டே வருஷம், வேலை நிச்சயம்" என்று பாளையங்கோட்டையில் ஆசிரியப் பயிற்சியில் சேர்த்துவிட்டார். எனக்கு அழைப்பும் வரவில்லை, தரிசனமும் வரவில்லை. 1981-ல் நியமன உத்தரவுதான் வந்தது. ஈராசிரியர் பள்ளி. பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு மைல் நடை. நான் வேண்டாவெறுப்பாகத்தான் போனேன். ராத்திரி ஜெபத்தில், "ஆண்டவரே, என்னை எங்கே பயன்படுத்தப்போகிறீர், வழியைக் காட்டும்" என்று அழுவேன். அப்போது எனக்கு 21 வயது. அந்தப் பையனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? பெட்டி வாங்கக் காசில்லை, அவ்வளவுதான்.

மூன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளை இடுப்பில் தம்பியைத் தூக்கிக்கொண்டு வரும். அம்மா அப்பா இரண்டு பேரும் கூலி வேலைக்குப் போய்விடுவார்கள். அந்தக் கைக்குழந்தை வகுப்பில் அழும், ஒன்றுக்குப் போகும். எனக்கு எரிச்சல். ஒருநாள், "தம்பிய வீட்டுல விட்டுட்டு வரதானா வா, இல்லைன்னா வராத" என்று அனுப்பிவிட்டேன். அவள் வரவில்லை. ஒரு வாரம் வரவில்லை. நான் ஒவ்வொரு நாளும் அவள் பெயருக்கு நேரே 'ஆ' போட்டேன். ஒவ்வொரு ராத்திரியும் எனக்கு வழி காட்டும்படி ஜெபித்தேன். இரண்டையும் ஒரே கையால் செய்தேன்.

அடுத்த வாரம் பள்ளிக்குப் போகிற வழியில் குளத்துக் கரையில் அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தம்பி பக்கத்தில் மண்ணில். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "வணக்கம் டீச்சர்" என்றாள். வகுப்பில் சொல்வது மாதிரியே, கையைக் கட்டிக்கொண்டு. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. நான் கேட்டுக்கொண்டிருந்த வழியை நானே வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அன்றைக்கு என் பழைய சேலை ஒன்றைக் கொண்டுபோய் வகுப்பின் பின்பக்க உத்திரத்தில் தொட்டில் கட்டினேன். தலைமையாசிரியர் முணுமுணுத்தார். கொஞ்ச நாளில் ஏ.இ.ஓ. ஆய்வுக்கு வந்தார். தொட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பதிவேட்டில் ஒன்றும் எழுதாமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அந்தத் தொட்டிலில் அதன் பிறகு நாலைந்து பிள்ளைகள் தூங்கின. 1982 ஜூலையில் சத்துணவு வந்த பிறகு இப்படித் தம்பி தங்கையோடு வரும் பிள்ளைகள் இன்னும் கூடினார்கள்.

அந்தப் பெண் பிற்பாடு கலெக்டராகவில்லை. எட்டாவதோடு நின்றாள். பீடி சுற்றப் போனாள். ஆனால் அவளுக்கு வாசிக்கத் தெரியும். ரேஷன் கார்டில் என்ன எழுதியிருக்கிறது, கடன் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளை யாரும் ஏமாற்ற முடியாது. அந்த 37 வருஷத்தில் எனக்குக் கிடைத்த தரிசனம் என்று கேட்டால் அந்தச் சேலைத் தொட்டில்தான்.

நம் ஜில்லாவுக்கே வந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் கதை எல்லாருக்கும் தெரியும், ஆனால் அதை எப்படிச் சொல்கிறோம்? பெரிய அழைப்பு, பெரிய ஊழியம் என்று சொல்கிறோம். 1895-ல் இந்தியாவுக்கு வந்தவர் அவர். மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் போய்ச் சுவிசேஷம் சொல்வதுதான் அவர் வேலை. 1901-ல் பிரீனா என்கிற சிறுமி, கோயிலுக்கு விடப்பட்டிருந்த இடத்திலிருந்து தப்பி வந்து அவரிடம் சேர்ந்தாள். பிறகு இன்னும் பிள்ளைகள் வந்தார்கள். பிள்ளைகளைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, ராத்திரி காய்ச்சலுக்கு விழித்திருக்கிறவர் எப்படி ஊர் ஊராகப் போவார்? சுற்றுப் பயணம் குறைந்து நின்றுபோனது. பிரசங்கிக்க வந்தவர் தாதி வேலை பார்க்கிறாரே என்று அவர் காலத்திலேயே பேச்சு உண்டு. டோனாவூர் அப்படி ஆரம்பித்ததுதான். தட்டில் அட்டை எடுத்து ஆரம்பித்ததல்ல. கதவைத் தட்டின பிள்ளையைத் திருப்பி அனுப்பாததால் ஆரம்பித்தது. 1931-ல் விழுந்து அடிபட்ட பிறகு பெரும்பாலும் அறைக்குள்ளேயே இருந்தார், 1951-ல் காலமாகும் வரை. அந்த அறையில் இருந்துகொண்டும் எழுதினார். அவருக்கு மட்டும் படுக்கையை விட்டு எழுந்திருக்க ஆசை இருந்திருக்காதா?

இப்போது எதிர்ப்பக்கம் பேசுகிறவர்களுக்கும் பதில் சொல்லவேண்டும். வாக்குத்தத்தம் ஆறுதல் கொடுக்கிறதே டீச்சர், அதையும் பிடுங்கவேண்டுமா என்று என் தங்கையே கேட்டாள். அவள் புருஷன் ஆஸ்பத்திரியில் கிடந்த நாற்பது நாளும் ஒரே வசனத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவள். அவளிடம் நான் வாதாடமாட்டேன். அவள் அந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய் அவருக்கு உடம்பு துடைத்தாள், கஞ்சி கொடுத்தாள். அவளுக்கு அது ஊன்றுகோல். அந்தப் பையனுக்கு அதுவே கட்டில்.

ஆபிரகாம் எங்கே போகிறோம் என்று தெரியாமல் புறப்படவில்லையா, பேதுரு வலையை விடவில்லையா என்றும் கேட்பார்கள். உண்மை. தேவன் கூப்பிட்டால் புறப்படத்தான் வேண்டும். ஆனால் கூப்பிட்டபோது அவர்கள் எங்கே இருந்தார்கள் என்று பாருங்கள். பேதுரு கையில் வலை இருந்தது. மோசே மாமனார் ஆட்டை மேய்த்துக்கொண்டிருந்தார். எலிசா பன்னிரண்டு ஏர் பூட்டி உழுதுகொண்டிருந்தான். கிதியோன்கூடப் பயந்து பயந்தாவது கோதுமை அடித்துக்கொண்டிருந்தான். மத்தேயு மேஜையில் இருந்தான், அது அவ்வளவு நல்ல வேலையும் அல்ல. சவுல் அப்பாவின் காணாமல்போன கழுதைகளைத் தேடிக்கொண்டிருந்தான்! கட்டிலில் உட்கார்ந்து பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தவனைக் கூப்பிட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. இருந்தால் அதிகாரமும் வசனமும் போடுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

கையில் வெண்ணெய் இருக்க நெய்க்கு அலைகிறோம். நம் அம்மாமார்கள் உலையில் அரிசி போடுகிறபோது ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டுவிட்டுத்தான் சோறு வடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த அரிசி கோயிலுக்குப் போகும். வீட்டில் அரைவயிற்றுக் கஞ்சி என்றாலும் அந்தக் கைப்பிடி நிற்காது. என் அம்மா ஒருநாளும் "தேவசித்தம் என்ன" என்று கேட்டு நான் பார்த்ததில்லை. அரிசி களையும்போது அவளுக்கு அது தெரிந்திருந்தது.

சரி, பையன் விஷயம். வியாழக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். இதெல்லாம் அவனிடமும் சொன்னேன், இதைவிட மெதுவாக. 29-ம் அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து அவனையே சத்தமாக வாசிக்கச் சொன்னேன், வகுப்பில் வாசிக்கச் சொல்வது போல. 5-ம் வசனத்துக்கு வந்தபோது நிறுத்தினான். திரும்ப முதலிலிருந்து வாசித்தான். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டான்.

"அப்ப நீங்க ஏன் டீச்சர் அந்த ஒரு வசனத்த மட்டும் எழுதிக் குடுத்தீங்க?"

என்னிடம் பதில் இல்லை. "எனக்கும் அவ்வளவுதான் தெரியும்யா அப்ப" என்றேன். அவன் அப்பா திண்ணையில் முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பேச்சு அவர் காதில் விழுந்திருக்கும், ஒன்றும் சொல்லவில்லை. தூத்துக்குடி வேலை இன்னும் காலியாக இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. பையன் விசாரிக்கிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நான் வரும்போது பெட்டி கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது.

கடைசியாக, என் பழைய பிள்ளைகளுக்கு ஒரு வேலை. என் கையால் பரிசு வேதாகமம் வாங்கினவர்கள் நூறு பேருக்கு மேல் இருப்பீர்கள். சென்னையில், கோயம்புத்தூரில், துபாயில் எங்கே இருந்தாலும் அதை எடுத்து முதல் பக்கத்தைப் பாருங்கள். 29:11 என்று மட்டும் எழுதியிருப்பேன். அது பாதிப் பாடம். தவறு என்னுடையது. அதற்கு முன்னால் "5 முதல் 10 வரை" என்று சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். பென்சிலில் வேண்டாம், பேனாவால் எழுதுங்கள். ஊரில் இருக்கிறவர்கள் ஞாயிறு ஆராதனை முடிந்து வேப்பமரத்தடிக்கு வேதாகமத்தைக் கொண்டுவாருங்கள், நானே திருத்தித் தருகிறேன். நீல மைதான் வைத்திருக்கிறேன்.